குயிற்றிய மணியும் குயிற்றா மணியும்: கொங்கு மணித்தொழிலும் வாளையார் வழியும்

சங்ககாலக் கொங்கு நாட்டின் மணித்தொழிலை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு ஊர்களைச் சுட்டி அமைவர். ஒன்று நொய்யலாற்றின் வடகரையிலுள்ள கொடுமணல். மற்றொன்று மேலைக்கடற்கரைத் துறைமுகமாகிய முசிறி. முன்னதில் மணி செய்யப்பட்டது, பின்னதில் யவனருக்கு விற்கப்பட்டது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் முடிபு. இவ்விரண்டிற்கும் நடுவேயுள்ள பாலக்காட்டுக் கணவாய் 'வணிகப் பெருவழி' என்னும் ஒரு சொல்லால் கடக்கப்பட்டுவிடுகிறது. அக்கணவாயின் கிழக்கு வாயிலாகிய வாளையார்ப் பகுதியைக் கடந்து சென்ற மூட்டைகளில் இருந்தவை துளையிட்டு முடித்த மணிகளா, மெருகு மட்டும் ஏற்றிய கற்களா, நிலத்திலிருந்து எடுத்தபடியே உள்ள மூலக்கற்களா என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. மணி செய்தோர் தம் கைவினையை அங்காடிக்கு எவ்வாறு ஆயத்தம் செய்தனர் என்பதும், அவ்வுழைப்பின் மதிப்பு எவ்வூரில் சேர்ந்தது என்பதும் இதற்கான விடையைப் பொறுத்தன.

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்திற்கு விலகி நிற்கும் இடமே பாலக்காட்டுக் கணவாய். வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல் கிழக்கு நோக்கி ஓடிக் காவிரியில் கலக்கிறது. வாளையாற்றின் நீரோ மேற்கே சென்று பாரதப்புழையைச் சேர்கிறது. காவிரிக் கரையிலிருந்து நொய்யலை ஒட்டி மேற்கே நடக்கும் வணிகன் கொடுமணல், சூலூர், வெள்ளலூர், பேரூர் ஆகிய ஊர்களைத் தொட்டு, மலை ஏறாமலே மேலைக்கடல் பக்கம் இறங்கிவிட முடியும். வெள்ளலூரில் 1842ஆம் ஆண்டு 522 உரோமானிய வெள்ளிக்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. கணவாய்க்கு மேற்கே திருச்சூர் மாவட்டத்து இய்யாலிலும் உரோமானியக் காசுகள் கிடைத்துள்ளன. கருவூரையும் மேலைக்கடற்கரையையும் ஒருசேர ஆண்ட சேரர்க்கு இக்கணவாய் எல்லையாக இருந்ததில்லை. 1956ஆம் ஆண்டு மாநிலப் பிரிவினைக்குப் பின்னரே வாளையார் ஓர் எல்லையூராயிற்று. அந்த எல்லை ஆய்வையும் பிரித்துவிட்டது என்றே சொல்லவேண்டும். கொடுமணலைத் தமிழகத்தாரும் பட்டணத்தைக் கேரளத்தாரும் தனித்தனியே அகழ்ந்தனர், தனித்தனியே எழுதினர்.

இலக்கியச் சான்று சுருக்கமானது, ஆயினும் உறுதியானது. பதிற்றுப்பத்தில் கபிலர் பாடிய 67ஆம் பாடலும் அரிசில்கிழார் பாடிய 74ஆம் பாடலும் கொடுமணம், பந்தர் என்னும் இரு ஊர்களை அடுத்தடுத்து வைத்துப் பேசுகின்றன. நன்கலத்தோடும் அருங்கலத்தோடும் முத்தும் இப்பாடல்களில் சேர்ந்தே வருகிறது. கொடுமணமே இன்றைய கொடுமணல் என்பது பரவலாக ஏற்கப்பட்டுள்ளது. பந்தர் எவ்வூர் என்பதில் ஒத்த கருத்தில்லை. இங்குக் கருதத்தக்கது 74ஆம் பாடலின் சொல்லாட்சி. கொடுமணத்துக் கலத்தை அப்பாடல் வேலைப்பாட்டின் சிறப்பால் அடையாளப்படுத்துகிறது. பந்தர் முத்தையோ பலரும் புகழும் விளைபொருளாகக் காட்டுகிறது. கொடுமணத்தின் புகழ் கல்லால் வந்ததன்று, கையால் வந்தது என்பதைப் புலவர் அறிந்திருந்தார்.

கல்லுக்கும் அவ்வட்டாரத்தில் குறைவில்லை. காங்கயத்தை அடுத்த படியூரில் பெரில் என்னும் பச்சைக்கல்லும், சிவன்மலையில் நீலக்கல்லும், வெங்கமேடு, அரசம்பாளையம் ஆகிய ஊர்களில் பளிங்கும் கிடைத்தன. இவற்றை மட்டும் பார்த்தால், சுரங்கத்தின் அருகே பட்டறை தோன்றியது இயல்புதானே என்று எண்ணத் தோன்றும். ஆனால் கொடுமணலில் சூதுபவளமும் அகேட்டும் லேபிஸ் லசூலியும் உள்ளன. சூதுபவளத்தின் மூலக்கல் குசராத்துப் பகுதியிலிருந்தும், லேபிஸ் ஆப்கானித்தானத்திலிருந்தும் வந்தவை என்பர் அகழாய்வாளர். தொலைவிலிருந்து மூலக்கல்லை வருவித்துச் செய்து முடிக்கும் ஓர் ஊர் வெறும் சுரங்கத்துணை ஊராக இருக்கமுடியாது. கல்லைத் தேடி வினைஞர் வந்ததோடன்றி, வினைஞரைத் தேடிக் கல்லும் வந்திருக்கிறது.

தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985 முதல் 1990 வரையிலான காலத்தில் பல பருவங்களிலும், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 2012, 2013ஆம் ஆண்டுகளிலும் இங்கு அகழாய்வு செய்தன. பேராசிரியர்கள் எ. சுப்பராயலு, கா. இராசன் ஆகியோரின் பணி இவற்றில் முதன்மையானது. இவ்வகழாய்வுகளின் பெருமதிப்பு முடிந்த மணிகளில் இல்லை. தொழிலின் பல நிலைகளிலும் நின்றுபோன மணிகளில்தான் அது இருக்கிறது. மூலக்கல், சில்லு, உருவம் பெற்றும் மெருகேறாத மணி, மெருகேறியும் துளை பெறாத மணி, துளையிடும்போதே உடைந்த மணி என அனைத்தும் ஒரே குடியிருப்பு மேட்டில் கிடைத்துள்ளன. முடிந்த மணி விலையாகிப் போய்விடும். தவறிய மணியே தொழிற்கூடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

தொழிலின் வரிசையை இவற்றிலிருந்து அறியலாம். முதலில் கல்லைத் தட்டிச் சில்லு பெயர்த்து உருவத்திற்கு அணுக்கமாகக் கொணர்வர். சூதுபவளமாயின் நெருப்பில் வாட்டிச் செந்நிறத்தை எழுப்புவது உண்டு. பின் கற்பலகையில் தேய்த்து விளிம்புகளைச் சமன்செய்வர். பெரில் இயற்கையிலேயே அறுபட்டைத் தூணாக விளைவதால் அதனை நீளவாக்கில் மணியாக்குவது பொருத்தம். உருண்டையாக்கினால் கல்லின் பெரும்பகுதி தூளாகிவிடும். மெருகுக்குரிய பொடி பற்றி ஒரு குறிப்பு சொல்லத்தக்கது. நீலக்கல் என்பது குருந்தக்கல்லின் ஒரு வகை. மோ அளவுகோலில் பளிங்கின் கடினம் 7, பெரில் ஏறத்தாழ 7.5 முதல் 8, குருந்தம் 9. ஆகவே சிவன்மலைப் பகுதியில் கிடைத்த குருந்தம், நிறம் நன்றாயின் அணிக்கல்லாகவும், நிறம் கெட்டதாயின் ஏனைய கற்களைத் தேய்க்கும் பொடியாகவும் பயன்படத்தக்கது. ஆங்கிலத்தார் வழங்கும் 'கொரண்டம்' என்னும் பெயர் தமிழ்க் 'குருந்தம்' என்பதிலிருந்தே சென்றது.

துளையிடுதலே இத்தொழிலில் பெரும் இடர். பழந்தமிழில் இதற்குக் 'குயிலுதல்', 'குயிற்றுதல்' என்பன சொற்கள். வில்லால் சுழற்றும் துரப்பணத்தின் முனையில் வைரத்துணுக்கைப் பொருத்தித் தென்னிந்தியக் கல்மணிகள் துளைக்கப்பட்டன என்பது துளைச் சுவடுகளை ஆராய்ந்தோர் கருத்து. நீண்ட மணியை ஒரு பக்கத்திலிருந்தே துளைத்தால் மறுமுனை பிளந்துவிடும். எனவே பாதிவரை ஒரு பக்கமும் எஞ்சியதை மறுபக்கமும் துளைத்து நடுவில் இணைப்பர். உருவமும் பெற்று மெருகும் ஏறிய பின் உடையும் மணியில், அதுவரை செலவான நாள்கள் அனைத்தும் வீணாகும். மூலக்கல்லுக்கும் துளையிட்ட மணிக்கும் உள்ள விலை வேற்றுமை பெரும்பாலும் இந்த இடரின் விலையே.

இவ்வுழைப்பு யாருக்காக? உரோமானிய வணிகத்தால் எழுந்த தொழில் இது என்று முன்னர் எழுதியோர் உண்டு. காலக்கணிப்பு இதற்கு இடந்தரவில்லை. 2012, 2013ஆம் ஆண்டு அகழாய்வில் பெற்ற கரிமக் காலக்கணிப்புகளைக் கொண்டு, கொடுமணல் குடியிருப்பின் தொடக்கத்தைக் கி.மு. 5ஆம் நூற்றாண்டு வரை கொண்டுசெல்கிறார் இராசன். அகஸ்டசு காலத்தில் பெருகிய உரோமானிய வணிகம் அதற்கு நானூறு ஆண்டுகள் பிந்தியது. மேலும் கொடுமணல் ஈமச்சின்னம் ஒன்றில் மட்டும் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் வைக்கப்பட்டிருந்தன. சூதுபவளமும் நீலக்கல்லும் பதித்த வெண்கலப் புலியுருவம் ஒன்றும் ஈமக்குழியில் கிடைத்தது. இறந்தாரோடு இவ்வளவு மணியைப் புதைக்க வல்ல ஒரு சமூகமே அம்மணிகளுக்கு முதல் அங்காடி. யவனர் வந்தபோது ஆயத்தமாக இருந்த ஒரு தொழிலுக்கு மற்றொரு வாடிக்கை சேர்ந்தது, அவ்வளவே.

அங்காடிக்குப் போகும் மணிக்குச் செய்கைத்திறன் மட்டும் போதாது. அதன் தரத்தை உறுதி செய்வாரும் வேண்டும். மதுரைக்காஞ்சி தன் அங்காடி வருணனையில் சங்கறுப்போர், மணி குயிற்றுவோர், பொன்னணி செய்வோர், பொன்னை உரைத்துப் பார்ப்போர் ஆகியோரை ஒருவர் பின் ஒருவராக வைக்கிறது. செய்வோரும் மதிப்பிடுவோரும் ஒரே தெருவில் இருந்தனர் என்பது அவ்வரிசையால் புலனாகும். மதிப்பிடுவோர்க்கு வண்ணக்கர் என்று பெயர். வடம வண்ணக்கன் பேரிசாத்தனார் முதலிய புலவர் பெயர்களில் அத்தொழிற்பெயர் உள்ளது. கொடுமணல் வட்டாரத்திற்கே உரிய சான்று ஈரோடு மாவட்டத்து அறச்சலூர்க் கல்வெட்டு. இசைக்குரிய எழுத்துகளை அமைத்தவன் தேவன் சாத்தன் எனக் கூறும் அக்கல்வெட்டில் அவனை 'மணிய் வண்ணக்கன்' என வாசித்தார் ஐராவதம் மகாதேவன். மணிகளை மதிப்பிடும் ஒருவன் தன் பெயரைக் கல்லில் பொறிக்குமளவு செல்வாக்குப் பெற்றிருந்தான். அவ்வாறே புகலூர்க் கல்வெட்டு கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனைக் காட்டுகிறது. கொடுமணலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட எழுத்துப்பொறிப்புப் பானையோடுகள் கிடைத்துள்ளன. பல ஆட்பெயர்களோடு, வணிகக் குழுவைக் குறிக்கும் 'நிகம' என்னும் சொல்லும் அவற்றுள் உண்டு. வணிகனும் வண்ணக்கனும் தொழில் சுட்டிப் பெயர் பெற்ற இச்சான்றுகளில் குயிற்றுநன் என்று ஒருவனும் தன்னைக் குறித்துக்கொள்ளவில்லை. பானையோட்டுப் பெயர்களுள் குயிற்றுநர் சிலரும் இருக்கலாம், ஆயின் பெயரிலிருந்து தொழிலை அறிய வழியில்லை.

வண்ணக்கரின் தேவையை அயலார் குறிப்பும் வலியுறுத்துகிறது. கி.பி. 77 அளவில் நிறைவுற்ற தம் 'இயற்கை வரலாறு' நூலின் 37ஆம் பகுதியில் பிளினி பெரிலைப் பற்றி விரிவாக எழுதுகிறார். இந்தியர் பளிங்குக்கு நிறமேற்றிப் போலிக் கற்களை, சிறப்பாகப் பெரிலை, ஆக்கக் கற்றிருந்தனர் என்கிறார். அதே பகுதியில் அவர் தரும் வேறொரு செய்தி இவ்வாய்வுக்கு முதன்மையானது. இந்தியர் நீண்ட பெரிலையே பெரிதும் விரும்புவர். துளையிட்டு யானைமயிரில் கோப்பர். ஆயின் குறையற்ற உயர்ந்த கல்லைத் துளைக்காமல் இரு முனையிலும் பொற்குமிழ் பூட்டுவதே தகும். இது பிளினி கேட்டறிந்த செய்தி, நேரிற் கண்டதன்று. எனினும் துளையிட்டதும் துளையிடாததுமாகிய இருவகைக் கற்கள் வேறு வேறு மதிப்பில் வழங்கின என்பதை இது காட்டுகிறது. பிளினி குறிப்பிடும் பெயரின் கிரேக்க மூலமாகிய 'பெரில்லோசு' என்பதே பிராகிருத வேளுரியத்திலிருந்து சென்றது என்பர். செருமானியர் மூக்குக்கண்ணாடியைப் 'பிரில்லெ' என்பது அதன் வழிவந்த சொல்.

இனி மேற்கு முனை. 'பெரிப்புளூசு' முசிறி, நெல்கிந்தா ஆகிய துறைகளின் ஏற்றுமதியில் மிளகு, முத்து, யானைத்தந்தம் ஆகியவற்றோடு பலவகை ஒளிபுகு கற்களையும் சேர்க்கிறது. மணிமாலை என்று கூறவில்லை, கற்கள் என்றே கூறுகிறது. முசிறியெனப் பலராலும் கருதப்படும் பட்டணத்தில் கேரள வரலாற்று ஆய்வுக் கழகம் 2007 முதல் பி.ஜே. செறியான் தலைமையில் பல பருவங்கள் அகழாய்வு நடத்தியது. அங்குக் கல்மணிகளும் கண்ணாடி மணிகளும் திரளாகக் கிடைத்ததோடு, உருவம் செதுக்குவதற்கென ஆயத்தம் செய்த பதக்கக் கற்களும் கிடைத்தன. அவை உரோமானியரின் அணிமரபுக்குரியவை. உரோமானியர் மோதிரத்தில் பதிக்கும் கல்லுக்குத் துளை குறையாகும்.

இவற்றை ஒருங்கு நோக்கின், வாளையார் வழியே சென்றவை ஒருவகைச் சரக்காக இருந்திருக்க முடியாது என்பது தெளிவு. உள்நாட்டு அணிமரபுக்கு உரியவை கொடுமணலிலேயே குயிற்றி முடிக்கப்பட்டன; அவை கிழக்கும் மேற்கும் சென்றன. யவன வாடிக்கைக்கு உரிய உயர்ந்த கற்கள் துளையின்றியே கணவாய் கடந்து, துறைமுகத்தில் வாங்குவோர் விருப்பிற்கேற்ப இறுதி உருவம் பெற்றன. இது சரியாயின், பேரிலாபம் தந்த அயல் வணிகத்தில் கொங்குக் குயிற்றுநரின் தனித்திறனுக்கு, அதாவது துளையிடுதலுக்கு, வேலை குறைவு. கல்லைத் தேர்ந்தெடுத்த வண்ணக்கனுக்கும் கொண்டுசென்ற வணிகனுக்குமே அதில் பங்கு மிகுதி. கல்வெட்டில் அவர்கள் பெயர் நிற்பதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம்.

வழி பிற்காலத்தும் வழக்கொழியவில்லை. கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர் அருகே, பாலக்காட்டுக்குச் செல்லும் பழைய தடத்தில், இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் சோழர்காலக் கல்வெட்டு தமிழெழுத்திலும் வட்டெழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. கணவாயின் இருபுறத்தாரும் படிக்கவேண்டும் என்னும் நோக்கம் அதில் வெளிப்படை. தொழிலோ அவ்வாறு தொடரவில்லை. படியூர்ச் சுரங்கம் 1819-20இல் ஹீத் என்னும் ஆங்கிலேயரால் மீண்டும் தோண்டப்பட்டபோது அது மூலக்கல் எடுக்கும் வேலையாகவே நடந்தது. 1876இல் வால்ஹவுசு அதைப் பற்றி எழுதுகையில் அது பழங்கதையாகிவிட்டிருந்தது.

மேற்கூறிய முடிபைச் சோதிக்க வழி உண்டு. மணியின் துளைக்குள் சிலிக்கோன் குழம்பை ஊற்றி எடுக்கும் அச்சில், துரப்பண முனையின் வகையும் சுழன்ற கோடுகளும் இரு பக்கத் துளைகள் சந்தித்த இடத்துப் பிசகும் அப்படியே பதியும். ஒரே பட்டறை மரபில் துளைத்த மணிகள் ஒரே வகைச் சுவட்டைக் காட்டும். கொடுமணலின் உடைந்த மணிகளையும் பட்டணத்தின் முடிந்த மணிகளையும் இம்முறையில் அருகருகே வைத்து ஒப்பிட்டால், எந்த மணி எக்கரையில் குயிற்றப்பட்டது என்பதை ஓரளவு பிரித்தறியலாம். அதற்கு இரு மாநிலத்துச் சேமிப்பிலுள்ள மணிகளும் ஒரே மேசைக்கு வரவேண்டும்.