புளியங்கொட்டைச் சிப்பாய்கள்

மட்டக்களப்பில் ஒரு வீட்டுக்குள் போய் “நாங்கள் போர் விளையாட்டு விளையாடப் போறம்” என்று சொல்லிப் பாருங்கள். எங்களில் ஒருவரின் அம்மா, “பட்டது காணாதா மனே?” என்று கேட்டார். அதுக்கு மேல் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அறை கேட்டு நாங்கள் கடிதம் கொடுத்த ஓரிடத்தில், ‘யுத்தம்’ என்ற சொல்லைக் கண்டதுமே கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்துவிட்டார்கள். இரண்டு பேரிலும் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் இந்த விளையாட்டு எங்கேயிருந்து வந்தது, இதற்கு ஆள் சேர்த்தவர்கள் எப்படிச் சேர்த்தார்கள் என்று தேடத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறோம். பெரிய மேசை ஒன்றில் மலை, ஆறு, வீடு எல்லாம் சின்னதாகச் செய்து வைப்பார்கள். விரலளவு சிப்பாய்களை அடிமட்டத்தால் அளந்து நகர்த்த வேண்டும். சுட்டது பட்டதா இல்லையா என்று பகடை சொல்லும். இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த பெயர், 1983இல் வெளிவந்த வார்ஹாமர். அதன் பெட்டி விலையைப் பார்த்துவிட்டே கனபேர் இந்தப் பக்கம் வராமல் விடுகிறார்கள்.

மூலத்தைத் தோண்டினால் சரக்கு எங்கட பக்கத்தது. சதுரங்கம் என்றாலே நான்கு உறுப்புள்ள படை: யானை, தேர், குதிரை, காலாள். அது பாரசீகம் போய், அரபுக்காரரோடு ஐரோப்பா போய், செஸ் ஆனது. 1780இல் ஜேர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் கணிதம் படிப்பித்த ஹெல்விக் என்பவர் அந்தச் செஸ் பலகையை ஏராளமான கட்டங்களுக்கு விரித்தார். காடு, சேறு, தண்ணீர் என்று கட்டங்களுக்கு நிறம் கொடுத்தார். 1812இல் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் பிரபு தன் அரசருக்கென்றே ஒரு மேசை செய்தார். அதில் நிலம் முழுக்கத் தனித்தனி ஓடுகள், விரும்பினபடி மாற்றி அடுக்கலாம். அவருடைய மகன் 1824இல் மேசையை விட்டு 1:8000 அளவு வரைபடத்துக்கு மாறினார்.

மகன் செய்ததில் எங்களுக்குப் பிடித்தது வரைபடம் அல்ல, நடுவர்தான். இரண்டு தரப்பும் கட்டளையை எழுதி நடுவரிடம் கொடுக்கும். எது நடந்தது என்று அவர் தீர்மானித்து, ஒவ்வொரு தரப்புக்கும் அதன் கண்ணுக்குத் தெரியக்கூடியதை மட்டும் சொல்லுவார். குன்றுக்குப் பின்னால் எதிரி நின்றால் உங்களுக்குத் தெரியாது. செஸ்ஸில் எல்லாம் வெளிச்சம், இதில் பாதி இருட்டு. போரை நேரில் பட்ட ஊர்க்காரருக்கு எது உண்மைக்குக் கிட்ட என்று விளக்கத் தேவையில்லை.

பிரஷ்யா 1870–71இல் பிரான்சை அடித்து விழுத்தியதும் மற்ற நாடுகளுக்கும் இந்த விளையாட்டில் ஆசை வந்தது. 1873இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு கழகம் தொடங்குகிறார்கள். இராணுவப் பயிற்சிக்காக இல்லாமல் விருப்பத்துக்காகப் போர் விளையாட்டு ஆடிய முதல் கழகமாக அதைத்தான் சொல்வார்கள். அதாவது தொடக்கி வைத்தது எங்களைப் போல ஒரு கம்பஸ் கூட்டம்.

ஈயச் சிப்பாய்க்கு விதிப்புத்தகம் எழுதிப் பொதுச் சனத்திடம் கொண்டுபோனவர் நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ். ‘லிட்டில் வோர்ஸ்’ என்ற அந்தப் புத்தகம் 1913இல் வந்தது. அதில் பகடை கிடையாது. சுருள்கம்பி வைத்த பொம்மைப் பீரங்கியால் மரக்குச்சியைச் சுட்டு, விழுந்த சிப்பாயைச் செத்தவனாகக் கணக்கெடுப்பார்கள். புத்தகத்தின் நீண்ட உபதலைப்பில் பெண்பிள்ளைகளுக்கும் இடம் கொடுக்கிறார், ஆனால் ஆண்பிள்ளைகளின் விளையாட்டை விரும்புகிற ‘கூடுதல் புத்திசாலி’ வகைக்கு மட்டும். (எங்கட நடுவர் ஒரு பெட்டை. வெல்ஸின் சான்றிதழை அவள் கேட்கவில்லை.) கடைசிப் பக்கங்களில் வெல்ஸ் சொல்ல வருவது வேறு: இந்தச் சின்னச் சண்டையை மூன்று நான்கு தரம் ஆடிப் பார்த்தவனுக்கு உண்மையான பெரும்போர் எவ்வளவு மடத்தனமான காரியம் என்று விளங்கும் என்கிறார். அடுத்த வருடமே 1914 வந்தது. அவர் எதிர்பார்த்த விளக்கம் ஒருத்தருக்கும் வரவில்லை. புத்தகம் மட்டும் மிஞ்சியது.

கூட்டம் உண்மையில் பெருகியது இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு. கலிபோர்னியாவில் ஜக் ஸ்க்ரபி என்பவர் இறப்பர் அச்சில் உலோகம் வார்த்து மலிவாகச் சிப்பாய்கள் செய்தார். 1957இல் ‘வோர் கேம் டைஜெஸ்ட்’ என்ற சஞ்சிகையையும் தொடங்கினார். இங்கிலாந்தின் சவுத்ஹம்டனில் டொனால்ட் பெதர்ஸ்டோன் 1962இல் ‘வோர் கேம்ஸ்’ புத்தகத்தை எழுதினார், பிறகு பல வருடம் செய்திமடல் நடத்தினார். தொழிலால் அவர் பிசியோதெரபிஸ்ட், உலகப்போரில் டாங்கிப் படையில் இருந்தவர். இந்தச் சஞ்சிகைகளை நிரப்பியது வாசகர்களின் கடிதங்கள்: என் விதி இது, உன் விதி பிழை, வா ஆடிப் பார்ப்போம். ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியே ஒருவர் இருவராக இருந்தவர்கள் இந்தச் சண்டையால்தான் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்தார்கள்.

மேசையில் படை நகர்த்தும் ஆட்டத்துக்குத் தமிழ்ப் பக்கத்தில் ஆள் சேர்த்த பெரிய கதை சென்னையில் நடந்தது. ஈயச் சிப்பாய் இல்லை, செஸ்தான். 1961இல் இந்தியாவின் முதல் இன்டர்நெஷனல் மாஸ்டர் ஆன மானுவல் ஆரோன், 1972இல் சோவியத் கலாசார நிலையத்துக்குள் மிகைல் டால் பெயரில் ஒரு கழகத்தைத் தொடங்கினார். இடம் சோவியத்காரருடையது, புத்தகமும் அவர்கள் பக்கத்திலிருந்து வந்தது. பனிப்போர்க் காலத்துப் பிரசாரம்தான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் சின்னப் பொடியன்களுக்கு அங்கே ஒரு கதிரை கிடைத்தது. அம்மாவிடம் செஸ் பழகிய விஸ்வநாதன் ஆனந்த் அங்கே போய்க் கடகடவென்று பிளிட்ஸ் ஆடினார். வென்றவர் கதிரையில் இருக்கலாம், தோற்றவர் எழும்பி வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். 1988இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர். எங்களுக்கு அந்தப் பட்டத்தை விடப் பெரிதாகத் தெரிவது அந்த வரிசை. தோற்றவன் வீட்டுக்குப் போகவில்லை, பின்னால் நின்று மற்றவனின் ஆட்டத்தைப் பார்த்தான்.

இதை வாசித்துவிட்டு எங்களில் ஒருத்தி சொன்னாள்: “இதுக்கு ஏன் சென்னை மட்டும் போறீங்க? கொம்பு விளையாட்டு என்ன?” சரியான கேள்வி. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு சேர்ந்தது மட்டக்களப்பின் கொம்பு விளையாட்டு. வி. சீ. கந்தையா ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) நூலில் அதை எழுதி வைத்திருக்கிறார். ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டு கட்சியாகும். ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம். வளைந்த கொம்புகள் இரண்டைக் கொளுவி, கயிறு கட்டி, ஊரே சேர்ந்து இழுக்கும். எவருடைய கொம்பு முறிகிறதோ அவருக்குத் தோல்வி. வென்ற கட்சி தோற்ற கட்சியைப் பாட்டிலேயே நக்கலடிக்கலாம். ஒரே ஊரை இரண்டாகப் பிரித்து, மோதவிட்டு, பிறகு ஒன்றாகவே வீட்டுக்கு அனுப்புகிற விதி எங்கட ஆட்களிடம் இருந்திருக்கிறது. மேசை மட்டும்தான் இல்லை.

மேசை எங்களுக்கு இரவலாகக் கிடைத்தது. ரெஜிபோமை வெட்டித் தீவு செய்தோம், பழைய நீலச் சாரம் ஒன்று வாவி ஆனது, ஈர்க்கை உடைத்து ஈட்டி செய்தோம். சிப்பாய்கள் புளியங்கொட்டை, ஒரு பக்கம் உரசி வெள்ளையாக்கினால் ஒரு படை, உரசாமல் விட்டால் மற்றப் படை. முதல் நாள் 4 பேர். மூன்றாவது ஞாயிறு 11 பேர், அதில் பாதிப் பேர் கடைசி பஸ்ஸுக்காக ஆட்டத்தின் நடுவில் எழும்பி ஓடினார்கள். அதனால் ஒரு ஆட்டம் இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிய வேண்டும் என்று விதி வைத்தோம். வெல்ஸுக்கு இந்தப் பிரச்சினை இருந்திருக்காது.

பெரிய வாக்குவாதம் எந்தப் போரை மேசையில் ஏற்றுவது என்பதில் வந்தது. இணையத்தில் கிடைக்கிற விதிகள் எல்லாம் நெப்போலியன், நோர்மண்டி. ஒருவர் கேட்டார்: எங்கட போரை ஏன் வைக்கக்கூடாது, அதைப் பற்றிக் கதைக்க ஒரு வழியாவது கிடைக்குமே? கேள்வியில் நியாயம் இருந்தது, அரை நாள் கதைத்தோம். 1990 ஆகஸ்ட் 3, காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் செப்டம்பர் 5, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரை இராணுவம் கொண்டுபோனது, அவர்கள் திரும்பவில்லை. எங்கட மேசையைச் சுற்றி இருப்பவர்களில் இந்த இரண்டு திகதியையும் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். இதற்குப் பகடை உருட்டுவது யார்? ஆறு விழுந்தால் என்ன, ஒன்று விழுந்தால் என்ன? கதைக்கத்தான் வேண்டும், ஆனால் வெற்றி தோல்வி எண்ணுகிற மேசையில் இல்லை என்று முடிவானது. கடந்த 100 வருடத்துச் சண்டை எதுவும் ஏறாது. இந்த விதியை எழுதிய நாளுக்குப் பிறகுதான் இன்னும் 5 பேர் வந்தார்கள். ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு இருக்கிறதே, அதைக்கூட ஒரு பெரியவர் ‘நாய்’ என்று மாற்றச் சொன்னார். சிரித்தோம், ஆனால் எங்கட ஊரில் அந்தச் சொல்லுக்கு உள்ள கனம் அவருக்குத் தெரியும்.

ஆக, 1638. புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய கோட்டை. மார்ச் 28 கன்னொறுவையில் இரண்டாம் இராஜசிங்கன் போர்த்துக்கேயப் படையை அழித்தாயிற்று. அவன் கூப்பிட்ட ஒல்லாந்தர் வெஸ்டர்வோல்ட் தலைமையில் கப்பலோடு வந்தார்கள், மே 18 கோட்டை விழுந்தது. மே 23 இங்கேயே ஒப்பந்தம்: ஒல்லாந்தருக்குக் கறுவா வியாபாரம், அரசனுக்கு யுத்தச் செலவு. பிடித்த கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்பது பற்றிய வாசகத்தில் ‘அரசன் விரும்பினால்’ என்ற சொற்கள் ஒரு பிரதியில் இருந்தன, ஒல்லாந்தரின் பிரதியில் இல்லை. அந்தச் சொற்களை வைத்துப் பிறகு எவ்வளவு சண்டை!

இதை ஆட ரைஸ்விட்ஸின் நடுவர்தான் தேவைப்பட்டார். கோட்டையைப் பிடிப்பது ஒரு மணித்தியால வேலை. போர்த்துக்கேயராக இருந்தவர்கள் ஒருமுறைகூட வெல்லவில்லை, எவ்வளவு நாள் தாக்குப்பிடித்தார்கள் என்றுதான் அவர்களுக்குப் புள்ளி. அதன் பிறகு நடுவர் இரண்டு கூட்டாளிகளுக்கும் ஒப்பந்தத்தை வேறு வேறு காகிதத்தில் மடித்துக் கொடுப்பார். தன் காகிதத்தில் இருப்பது மற்றவரிடம் இல்லை என்று அரசனாக ஆடியவனுக்குத் தெரியவந்தபோது அவன் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் லைட் போட்டார்கள்.

இப்போது நடக்கிற சண்டை வேறொன்று. ஒல்லாந்தருக்குக் காய் இருக்கிறது, போர்த்துக்கேயருக்கு இருக்கிறது, கண்டி அரசனுக்கு இருக்கிறது. வாவியைச் சுற்றி இருந்த ஊர்ச்சனத்துக்கு ஒரு கொட்டைகூட இல்லை. வரலாற்று வகுப்பில் இதை ஒருவரும் கேட்கவில்லை, மேசையில் வெறும் கரையைப் பார்த்ததும் முதல் வருடப் பெட்டை ஒருத்தி கேட்டாள். தோணியும் நெல்லும் அவர்கள் கையில் இருந்தால் யாருக்குக் கொடுப்பது என்று அவர்களே தீர்மானிக்கட்டும் என்பது அவளின் வாதம். அப்படிச் செய்தால் முற்றுகை இரண்டு மணித்தியாலத்தில் முடியாது, கடைசி பஸ் போய்விடும் என்பது மற்றத் தரப்பு. நாலாவது தரப்பைச் சேர்த்த விதி இப்போது ஒரு கொப்பியில் பென்சிலால் இருக்கிறது. வாற ஞாயிறு ஆடிப் பார்க்கிறோம். வாவிக்கரைக் காய்களுக்குச் சோகி வேண்டும், வைத்திருப்பவர்கள் கொண்டுவாருங்கள்.