சிராப்பள்ளி: ஊர்ப்பெயரில் வாழும் பள்ளி

விடுமுறை நாள்களில் திருச்சிராப்பள்ளிக்கு வரும் குடும்பங்கள் மலைக்கோட்டையில் ஏறி உச்சிப்பிள்ளையாரை வணங்கி, காவிரியின் அகலத்தைக் கண்டு மகிழ்கின்றன. பின்னர் ஆற்றைக் கடந்து திருவரங்கத்தின் ஏழு திருச்சுற்றுகளையும், 1987இல் நிறைவுபெற்ற 236 அடி உயர இராசகோபுரத்தையும் கண்டு திரும்புகின்றன. இவை காணத்தக்கனவே. ஆயினும் தமிழ்ச் சமணக் குடும்பங்கள் இவ்வூரில் காணவேண்டிய இடம் வேறொன்றும் உண்டு. அது மலைக்கோட்டைக் குன்றின் பின்புறத்தில் உள்ள இயற்கைக் குகை.

அக்குகையில் சமண முனிவர் தங்கித் தவம் புரிந்த கற்படுக்கைகள் இன்றும் உள்ளன. தலைவைக்கும் பகுதி சற்றே உயர்த்திச் செதுக்கப்பட்ட எளிய படுக்கைகள் அவை. அங்குள்ள கல்வெட்டுகளுள் ஒன்று 'சிரா' என்னும் பெயரைத் தருகிறது. அதன் எழுத்தமைதி கொண்டு அது கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளைச் சார்ந்தது என்பர். சிரா என்னும் முனிவரின் பள்ளி சிராப்பள்ளி ஆயிற்று என்பது ஆய்வாளர் பலர் கருத்து. திரிசிரன் என்னும் அசுரன் வழிபட்டதால் அமைந்த பெயர் என்பது தலபுராணம் கூறும் வேறொரு விளக்கம். எவ்வாறாயினும், 'பள்ளி' என்னும் சொல் படுக்கையையும் சமணர் உறைவிடத்தையும் குறித்த பழஞ்சொல். முனிவர்தம் உறைவிடங்களில் கல்வி கற்பிக்கப்பட்டமையால் அச்சொல்லே பள்ளிக்கூடத்திற்கும் பெயராயிற்று என்பர்.

கி.பி. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் இக்குன்றில் சிவனுக்குக் குடைவரைக் கோயில் எடுத்தான். அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு, குணபரன் என்னும் பெயருடைய அம்மன்னன் மாற்றுநெறியிலிருந்து இலிங்க வழிபாட்டிற்குத் திரும்பியதைக் குறிப்பாக உரைக்கிறது. அம்மாற்றுநெறி சமணமே என்று அறிஞர் பலர் கொள்வர். ஒரு நெறி அரச ஆதரவை இழந்ததும் மற்றொரு நெறி அதனைப் பெற்றதும் ஆகிய வரலாறு ஒரே குன்றில் பதிவாகியுள்ளது.

அதற்கு முந்தைய நிலையைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. புகாரிலிருந்து கோவலனையும் கண்ணகியையும் வழிநடத்தி வந்த கவுந்தியடிகள், காவிரி சூழ்ந்த அரங்கத்தில் சாரணரைக் கண்டு வணங்குகிறார். பின்னர் மூவரும் ஓடத்தில் தென்கரை அடைந்து உறையூர் புகுகின்றனர். அங்கே அசோகின் நிழலில் முக்குடைக்கீழ் வீற்றிருக்கும் அருகனைத் தொழுகின்றனர். உறையூரை விட்டு மதுரை நோக்கிச் செல்லும் வழியில் அவர்கள் காணும் மாங்காட்டு மறையவன், அதே அரங்கத்தில் பள்ளிகொண்ட திருமாலைப் போற்றுகிறான். அவன் சொல்லைக் காப்பியம் மறைக்கவில்லை. அடிகளும் அவனோடு பகை கொள்ளவில்லை. தம் நெறியில் உறுதியாக நின்று விடை பகர்ந்து, தம் வழியே செல்கிறார். அன்று சாரணர் வந்த அரங்கமும் திருமால் துயின்ற அரங்கமும் ஒன்றே.

உறையூரில் காப்பியம் சொல்லும் அருகன் கோட்டம் இன்று காண்பதற்கில்லை. ஆனால் திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே, புதுக்கோட்டையை அடுத்த சித்தன்னவாசல் எஞ்சியுள்ளது. ஏழடிப்பட்டத்தில் 17 கற்படுக்கைகளும், கிறித்துவுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்துகளும் உள்ளன. அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகமும், மீனும் யானையும், மலர் பறிக்கும் பவ்வியரும் சமவசரணக் காட்சியாகத் தீட்டப்பட்டுள்ளனர். கி.பி. 9ஆம் நூற்றாண்டில், சீவல்லப பாண்டியன் காலத்தில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் அக்கோயிலைப் புதுப்பித்ததைக் கல்வெட்டு சொல்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் பழமையைப் பேணக் கருதியதால்தான் அது நமக்குக் கிடைத்தது.

தமிழகத்தின் சமணக் குகைகள் பலவற்றில் வருவோர் தம் பெயரைக் கீறியும், சாயத்தால் எழுதியும் செல்வதால் பழைய எழுத்துகள் அழிந்து வருகின்றன. சிராவின் பெயர் ஓர் ஊருக்குப் பெயராயிற்று. அதன்மேல் கீறப்படும் பெயர்களோ ஒருவருக்கும் பயன்படா. ஆகவே அடுத்த விடுமுறையில் மலைக்கோட்டைக்குச் செல்லும் குடும்பங்கள், பின்புறக் குகையைக் காண்பதற்குரிய அனுமதியை முன்னரே கேட்டறிந்து செல்லுதல் நன்று. மூத்தோர் அக்கற்படுக்கைகளைக் காட்டி, ஊர்ப்பெயரின் பொருளைச் சிறுவர்க்கு அவ்விடத்திலேயே எடுத்துரைக்கலாம். அதனைக் கேட்டு வளரும் பிள்ளைகள் அக்கல்லில் கைவைத்துக் கீறமாட்டார்கள்; பிறர் கீறினும் பொறுத்திருக்கமாட்டார்கள்.