கட்டுச்சோறும் கூட்டாஞ்சோறும்

ஓரினத்தின் வரலாற்றை அறிய விரும்புவோர் பெரும்பாலும் அரண்மனைகளையும் போர்க்களங்களையும் நாடிச் செல்கின்றனர். அடுப்பங்கரையை நாடுவோர் சிலரே. அடுப்பங்கரைக்கும் அப்பால், மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டி நெருப்பு மூட்டிய சிறுவர்களை நாடுவோர் அவரினும் சிலர். ஆயினும் மலாக்கா மாநிலத்துத் தோட்டத் தமிழரின் ஒரு நூற்றாண்டு வாழ்வை, அவர்கள் வெட்டவெளியில் உண்ட உணவைக் கொண்டே பெருமளவு கூறிவிட முடியும். இன்று மாணவர்கள் முகாமுக்குச் செல்கையில் எதைச் சமைப்பது, எதைக் கட்டிக்கொண்டு போவது என்று கேட்கின்றனர். அக்கேள்விக்கு நம் முன்னோரிடம் விடை இருந்தது. அவ்விடை எவ்வாறு உருவாயிற்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வழியுணவின் தொன்மை

வழியில் உண்பதற்கெனக் கொண்டு செல்லும் உணவைப் பழந்தமிழர் ‘ஆற்றுணா’ என்றனர். ஆறு என்பது இங்கே வழியைக் குறிக்கும். நாலடியார் அதனையே ‘தோட்கோப்பு’ என்று கூறி, மறுமைக்குத் துணையாகும் அறத்துக்கு உவமையாக்குகிறது. பிற்கால வழக்கில் அது கட்டுச்சோறு, பொதிசோறு எனப் பெயர் பெற்றது. ஒரே பொருளுக்கு இத்தனை சொற்கள் தோன்றியிருப்பதே, நடந்து வாழ்ந்த மக்களின் மொழி இஃது என்பதைக் காட்டும்.

பெரும்பாணாற்றுப்படையில், பாலை நிலத்து எயிற்றியர் கடப்பாறையால் நிலத்தைக் கிளறி, எறும்புகள் சேர்த்து வைத்த புல்லரிசியை எடுத்துக் குற்றிச் சமைத்து, உப்புக்கண்டத்தோடு வழிப்போக்கருக்கு அளிக்கும் காட்சி வருகிறது. வறண்ட நிலத்தில் வழிச்செல்வோனுக்குக் கிடைத்த விருந்து அது. ஆடிப்பெருக்கன்று காவிரிக்கரைக் குடும்பங்கள் புளிச்சோறும் தேங்காய்ச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் அமர்ந்துண்பது இன்றும் காணும் வழக்கம்.

பெரியவர்க்குக் கட்டுச்சோறு எனில், சிறுவர்க்குச் சிறுசோறு. மணலில் வீடு கட்டி, மணலையே சோறாக்கி விளையாடிய சிறுமியரைச் சங்க நூல்கள் நமக்குக் காட்டுகின்றன. அவ்வீட்டைக் காலால் சிதைத்துப் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடிய குறும்பனைக் குறிஞ்சிக்கலி மறக்காமல் பதிவு செய்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் ‘சிற்றில் சிதைத்தல்’ ஒன்று. சிறுவர் குறும்புக்கு இலக்கணத்தில் இடம் ஒதுக்கிய மொழி நம்முடையது. தோட்டத்துப் பிள்ளைகளின் குறும்பும் வரலாற்றில் இடம்பெறத் தக்கதே என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

மண்ணும் கிழங்கும் மரமும்

மலாக்கா நகருக்கு வடக்கே உள்ளது பாயா ரும்புட். மலாய் மொழியில் பாயா என்பது சதுப்பு நிலத்தையும் ரும்புட் என்பது புல்லையும் குறிக்கும். புல் மண்டிய சதுப்பு என்பது அவ்வூரின் பெயர்ப்பொருள். செங், கிருபோங், சுங்கை ஊடாங் முதலியன அதன் சுற்றுவட்டார ஊர்கள்.

இம்மாநிலத்தின் நிலவரலாற்றில் ரப்பருக்கு முன்னரே மரவள்ளி வந்துவிட்டது. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அக்கிழங்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீன முதலாளிகள் மலாக்காவில் பெருமளவில் பயிரிட்டனர். பின்னர் 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர், சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் தலைவர் ஹென்றி ரிட்லியின் ஊக்கத்தால், புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவில் வாணிக நோக்கில் எழுந்த முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே என்பர். அவர் அடுத்து புக்கிட் அசகானில் இன்னும் விரிவாகப் பயிரிட்டார். தோட்டங்கள் பெருகப் பெருகத் தமிழ்நாட்டிலிருந்து தொழிலாளர் வந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்த பின்னரும், கங்காணி வழியாக ஆட்கள் வருவது 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு தடை விதிக்கும் வரையில் தொடர்ந்தது.

இவ்வாறு, மலாக்காத் தமிழரின் வெளியுணவை வகுத்த இரு தாவரங்களும் ஒரே மண்ணில் அடுத்தடுத்து வேரூன்றின. ரப்பர் வேலையைத் தந்தது. மரவள்ளி வயிற்றைக் காத்தது.

பால்மரத்தடியில் பசியாறல்

ரப்பர் மரத்தில் பால் நன்கு வடிவது விடியலின் குளிர்ச்சியில்தான். வெயில் ஏறினால் வடிதல் குறையும். ஆகவே இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று, தமக்குரிய நிரையில் மரம் வெட்டத் தொடங்க வேண்டும். வீட்டில் உண்ண நேரமில்லை. முதல்நாள் சோறோ ரொட்டியோ, ஒரு துண்டுக் கருவாடோ, சம்பலோ தூக்கில் அடைத்து வெளிக்காட்டுக்குக் கொண்டு செல்வர். வெட்டு முடிந்து பால் வடியும் இடைவேளையில் மரத்தடியில் அமர்ந்து பசியாறுவர். சங்ககால ஆற்றுணா, மலாயாவில் நிரைச்சோறாக மாறிற்று.

இந்த உணவில் ஓர் அறிவியல் உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த இந்நாட்டில் தேங்காய்ப்பால் சேர்த்த சோறு விரைவில் ஊசிப்போகும். புளியும் நல்லெண்ணெயும் கலந்த சோறு நெடுநேரம் தாங்கும். புளிப்பு, கெடுக்கும் நுண்ணுயிர்கள் பெருகுவதைத் தடுக்கிறது. உப்பிட்டு உலர்த்திய மீனில் ஈரம் குறைவாதலால் அது வாரக்கணக்கில் கெடாது. நீர்மோர் சேர்த்த பழைய சோறு காலையிலேயே உண்பதற்குரியது. வாழையிலையும் பாக்குமட்டையும் சோற்றைப் பொதியவும் உதவின; உண்கலமாகவும் பயன்பட்டன. பள்ளிக்கூடம் கண்டறியாத தாய்மார் இவற்றையெல்லாம் பட்டறிவால் அறிந்திருந்தனர்.

விடுமுறையும் குறும்பும்

கூட்டரசு மலாய் மாநிலங்களில் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி அமைக்க வழிசெய்தது. நாளடைவில் நாடெங்கும் தோட்டப் பள்ளிகள் எழுந்தன. போருக்கு முன்னர் அவற்றில் வழங்கிய பாடநூல்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. அவை கோடை விடுமுறையைப் பற்றிப் பேசின. இங்கோ கோடையுமில்லை, குளிர்காலமுமில்லை. நெடிய விடுமுறை ஆண்டிறுதியில், மழையோடு வந்தது. ஆகவே தோட்டத்துப் பிள்ளைகள் பருவங்களைத் தம் சுற்றுப்புறத்திலேயே கண்டுகொண்டனர். ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் இலையுதிரும் காலம். நடுவில் டுரியானும் ரம்புத்தானும் மங்குஸ்தானும் பழுக்கும் காலம். ஆகஸ்டு, செப்டம்பர் வாக்கில் ரப்பர்க்காய்கள் ஓசையுடன் வெடித்துக் கொட்டைகள் சிதறும் காலம்.

மலாக்காவின் செட்டிச் சமூகத்தார் இப்பழக் காலத்தைச் சடங்காகவே ஏற்றுக்கொண்டனர். தைப்பொங்கலுக்கு முந்திய போகியன்று முன்னோர்க்குப் படைப்பது போலவே, ஆண்டின் நடுவில் பழங்கள் மிகும்போது பழப்படையல் ஒன்றையும் அவர்கள் நடத்துகின்றனர். தோட்டத்துச் சிறுவர்களோ அதே பழங்களைக் கல்லெறிந்து கொண்டாடினர்!

அக்குறும்புகள் எத்தனை வகை! ரப்பர்க்கொட்டையைச் சிமிட்டித் தரையில் பரபரவெனத் தேய்த்துச் சூடேற்றி, அருகிலிருப்பவன் தொடையில் ஒற்றுவது ஒன்று. மரத்தின் வெட்டுக்கோட்டில் உறைந்த ஒட்டுப்பாலை இழையிழையாக உரித்துச் சுற்றிப் பந்தாக்குவது மற்றொன்று. ஒட்டுப்பாலும் தோட்டத்தின் உடைமையாதலால், அப்பந்தை உதைக்குமுன் கங்காணி வருகிறாரா என்று நாற்புறமும் நோக்க வேண்டியிருந்தது. உதிர்ந்த பாக்குமட்டையில் ஒருவனை அமர்த்தி மேட்டிலிருந்து இழுத்து வருவர். அல்லூறுகளில் மண்ணணை கட்டி நீரை இறைத்துக் கெளுத்தியும் விராலும் பிடிப்பர். மரவள்ளித் தோட்டத்தில் புகுந்து, கிழங்கை ஒடித்துக்கொண்டு தண்டை மீண்டும் அதே குழியில் நட்டுவிட்டு வருவதில் தேர்ந்தவர்களும் இருந்தனர். இலை வாடும் வரையில் உடையவருக்குக் களவு தெரியாது.

அவ்வாறு கிடைத்த கிழங்கு சாம்பலில் புதைத்துச் சுடப்பட்டது. மேற்றோல் கருகியதும் உரித்து, உப்பும் மிளகாயும் தொட்டு உண்ணப்பட்டது. மரவள்ளியில், சிறப்பாகக் கசப்பு வகையில், நஞ்சு உண்டு. பச்சையாக உண்ணலாகாது, உட்டோலையும் நீக்கி நன்கு வேக வைத்தல் வேண்டும். ரப்பர்க்கொட்டையிலும் அத்தகைய நஞ்சு உண்டு. இக்காலத்தில் முகாமுக்குச் செல்லும் மாணவர் இவ்விரண்டையும் நினைவிற் கொள்வது நலம்.

குறும்புகளுள் தலையாயது கூட்டாஞ்சோறு. ஒருவன் வீட்டிலிருந்து ஒரு பால்டின் அரிசி, மற்றொருத்தி கைப்பிடிப் பருப்பு, இன்னொருவன் இரண்டு வெங்காயம், வேறொருத்தி கருவாட்டு வால். எல்லாம் தாய் அறியாமல் எடுத்தவை. கொண்டுவர ஏதுமில்லாதவன் விறகு பொறுக்க வேண்டும். மண்ணெண்ணெய்த் தகரமோ பழைய சட்டியோ கலம். சோறு பாதி குழையும், பாதி அடிபிடிக்கும். ஆயினும் இலையில் அனைவர்க்கும் ஒரே அளவு.

இந்த ஒரே அளவில்தான் வரலாற்றின் ஆழம் இருக்கிறது. சாதி வேறுபாடு கப்பலேறி மலாயாவுக்கும் வந்திருந்தது. சாதியடிப்படையில் லயங்கள் பிரிக்கப்பட்ட தோட்டங்கள் இருந்தன. ஒரு லயத்தார் மற்றொரு லயத்தில் நீர் அருந்தவும் தயங்கிய நாள்கள் உண்டு. 1929ஆம் ஆண்டின் இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோது, அவருடைய சுயமரியாதைக் கருத்துகள் இங்குப் பரவின. சேர்ந்துண்பது மேடைகளில் வலியுறுத்தப்பட்டது. ஆனால் மேடைப் பேச்சைக் கேளாத பிள்ளைகள், ஒரே சட்டியில் கைவைத்து அதனைச் செய்துகொண்டிருந்தனர். அரிசி களவுபோனதற்காக மட்டுமன்றி, யாருடன் உண்டாய் என்பதற்காகவும் அவர்கள் அடிபட்டனர். விளையாட்டு என்று நாம் கூறுவது, ஒரு தலைமுறை தன்னையறியாமல் எடுத்த முடிவாகவும் இருக்கலாம்.

சோறு மறைந்த காலம்

1941ஆம் ஆண்டு டிசம்பரில் சப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினர். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கையே விளைவித்து வந்தது. எஞ்சியது பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்தது. கப்பல்கள் நின்றன, அரிசியும் நின்றது. வாழைமர நோட்டு குவிந்தும் வாங்குவதற்குப் பொருளில்லை. ஆண்கள் பல்லாயிரவர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மிகப் பலர் திரும்பவில்லை.

அந்நாள்களில் மரவள்ளி, விடுமுறைத் தின்பண்டமாக இருந்த நிலைமாறி மூன்று வேளை உணவாயிற்று. கிழங்கு அவிக்கப்பட்டது, மாவாக்கி ரொட்டியாகத் தட்டப்பட்டது, கொழுந்திலை கீரையாயிற்று. குறும்புக்காகக் கிழங்கு பிடுங்கிய சிறுவன், தம்பி தங்கையரின் பசிக்காகப் பிடுங்கினான். செயல் ஒன்றே, பொருள் வேறு. எழுத்தாளர் சா. ஆ. அன்பானந்தன் அக்காலத்தைப் பற்றிய தம் நாவலுக்கு ‘மரவள்ளிக்கிழங்கு’ என்றே பெயரிட்டது மிகப் பொருத்தம்.

கட்டுச்சோறு குற்றமான காலம்

போர் முடிந்து மூன்றாண்டுகளுக்குள், 1948ஆம் ஆண்டு சூனில் அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுப் படையினர்க்கு உணவு செல்லாமல் தடுக்க அரசு முனைந்தது. 1951ஆம் ஆண்டிலிருந்து உணவுக் கட்டுப்பாடு இறுகிற்று. லயங்கள் முள்வேலிக்குள் ஒன்று சேர்க்கப்பட்டன. கடைகளில் விற்கும் தகர உணவுகள் துளையிட்டே தரப்பட்டன. துளையிட்ட தகரத்தைக் காட்டில் சேமிக்க இயலாது அன்றோ! வேலி வாயிலில் சோதனை நடந்தது. கட்டுப்பாட்டுக்குட்பட்ட இடங்களில் வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டு செல்வது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. விடியலில் வெறும் வயிற்றோடு சென்றவர், வேலை முடிந்து திரும்பிய பின்னரே உண்ண முடிந்தது.

இரண்டாயிரம் ஆண்டு வழக்காகிய கட்டுச்சோறு சட்டத்தால் தடைபட்டது. பெரியவர்க்கே இந்நிலை எனில், அரிசியை மறைத்தெடுத்துக்கொண்டு காட்டோரம் போகும் பிள்ளைகளின் கூட்டாஞ்சோறு எப்படி நடைபெறும்? அக்குறும்பின் விலை தந்தையின் சிறையாகவும் இருந்திருக்கக்கூடும்.

இவ்விடத்தில் மலாக்காவுக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள், மலாயாவிலேயே முதன்முதலாக ‘வெள்ளைப் பகுதி’ என அறிவிக்கப்பட்டது மலாக்காவின் ஒரு பகுதியே. அங்கு ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டன. வரலாற்று நூல்கள் இதனைப் போர்த்தந்திரத்தின் வெற்றியாகக் குறிக்கின்றன. நாம் அதனை, ஒரு தாய் மீண்டும் அச்சமின்றித் தூக்கில் சோறு வைத்த நாளாகவும் குறித்துக்கொள்ளலாம். அவசரகாலம் முழுமையாக முடிந்தது 1960 சூலை 31ஆம் நாள்.

பாசறையும் பள்ளியும்

1907ஆம் ஆண்டு ஆகஸ்டில் பேடன் பவல் இங்கிலாந்தின் பிரவுன்சித் தீவில் சிறுவர்களைக் கூட்டி முதல் பாசறை நடத்தினார். மறு ஆண்டே சாரணர் இயக்கம் பினாங்கு வழியாக மலாயாவில் கால்வைத்தது. நகரத்துப் பள்ளி மாணவர்க்குப் பாசறை ஒரு பயிற்சி: கூடாரம் அடித்தல், நெருப்பு மூட்டல், கூடிச் சமைத்தல், தீமூட்டத்தைச் சுற்றிப் பாடுதல். தோட்டத்துச் சிறுவன் இவற்றுள் பலவற்றைச் சீருடையின்றியே கற்றிருந்தான்.

விடுதலைக்கு முன்னும் பின்னும் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தது, அத்துண்டாடலில் வீடும் வேலையும் இழந்த தொழிலாளரை நினைந்தே. பின்னர் செம்பனையும் வீடமைப்பும் ரப்பரின் இடத்தைப் பிடித்தன. பாயா ரும்புட் வட்டாரத்திலும் இன்று குடியிருப்புப் பகுதிகளே மிகுதி. மூன்று கல் அடுப்புக்கு இடமில்லை. முகாமுக்குச் செல்லும் மாணவர் பையில் உடனடி மீயும் தகர மீனும் இருக்கின்றன. அவற்றைக் குறைகூற வேண்டுவதில்லை, அவையும் வழியுணவே. ஆனால் அவற்றோடு ஒரு பொதி புளிச்சோறும், நெத்திலிச் சம்பலும், அவலும் வெல்லமும், வேகவைத்த மரவள்ளியும் இருக்கலாகாதா?

நிறைவாக ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டக் கணக்கேடுகளில் எத்தனை இராத்தல் பால் என்பது எழுதப்பட்டுள்ளது. பிள்ளைகள் என்ன உண்டனர் என்பது எழுதப்படவில்லை. சப்பானியர் காலத்தைக் கண்டவர்கள் அருகிவருகின்றனர். அவசரகாலத்தில் சிறுவராயிருந்தோரும் முதுமையெய்தி விட்டனர். அடுத்த பள்ளி முகாமில், சோறு வேகும் நேரத்தில், பாட்டியிடமோ தாத்தாவிடமோ கேட்டு வந்த ஒரு செய்தியை ஒவ்வொரு மாணவரும் கூறட்டும்: எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் யார் சேர்ந்து சமைத்தனர், எதை எடுத்தனர், எதற்காக அடிபட்டனர். அவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பள்ளி நூலகத்தில் வைக்கட்டும்.