ஆணி அடிக்க ஒரு சுவர்: காஞ்சிபுரம் மண்ணிலிருந்து ஒரு வரலாறு

2023 ஜூலை 7 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் தலைமைப் பதிவாளர், தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள மாவட்ட நீதிபதிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். நீதிமன்ற வளாகங்களில் காந்தி, திருவள்ளுவர் ஆகிய இருவரின் சிலைகளும் படங்களும் மட்டுமே இருக்கலாம் என்றது அது. அந்தச் சுற்றறிக்கையில் நம் காஞ்சிபுரமும் இருந்தது. ஆலந்தூர் நீதிமன்ற வளாகத்தின் நுழைவுக் கூடத்தில் இருந்த அண்ணல் அம்பேத்கர் படத்தை அகற்ற, அங்குள்ள வழக்கறிஞர் சங்கத்தை இணங்க வைக்குமாறு காஞ்சிபுரம் முதன்மை மாவட்ட நீதிபதிக்கு முன்பே அறிவுறுத்தப்பட்டிருந்ததை அது நினைவூட்டியது. தலைவர்களின் சிலைகள் சேதப்படுத்தப்படுவதால் மோதல் வருகிறது, சட்டம் ஒழுங்கு கெடுகிறது என்பதே சொல்லப்பட்ட காரணம்.

வழக்கறிஞர்களும் இயக்கங்களும் தெருவுக்கு வந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் சட்ட அமைச்சர் ரகுபதி தலைமை நீதிபதியைச் சந்தித்தார். எந்தத் தலைவரின் படமும் அகற்றப்படாது என்று அறிவிப்பு வந்தது. படம் இருந்த இடத்திலேயே இருந்தது.

அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் தலைவருக்கு ஒரு நீதிமன்றச் சுவரில் நான்கு சதுர அடி இடம் கிடைக்க இத்தனை போராட்டம் ஏன்? படம் மாட்டுவது சின்ன வேலை, ஒரு ஆணியும் ஒரு சுத்தியலும் போதும் என்று நினைக்கிறவர்களுக்குச் சொல்கிறோம்: ஆணி அடிக்க முதலில் சுவர் வேண்டும். அந்தச் சுவர் நிற்கும் மனை நம்முடையதாக இருக்க வேண்டும். மாட்டிய படத்தை எவனும் கழற்றாமல் பார்த்துக்கொள்ள உரிமை வேண்டும். இந்த மூன்றுக்கும் நம் மக்கள் தனித்தனியாகப் போராடியிருக்கிறார்கள்.

உத்திரமேரூர்ச் சுவர்

காஞ்சிபுரம் மாவட்டத்தின் மிகப் புகழ்பெற்ற சுவர் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. இந்திய மக்களாட்சியின் தொட்டில் என்று பள்ளிப் பாடத்திலிருந்து நாடாளுமன்ற உரை வரை இதைத்தான் காட்டுகிறார்கள்.

தொட்டிலில் யார் படுத்திருந்தார்கள் என்று நாம் படித்துப் பார்க்க வேண்டும். குடவோலையில் பெயர் எழுதப்பட ஒருவருக்கு என்ன தகுதி வேண்டும் என்று அந்தச் சுவரே சொல்கிறது. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதம் அறிந்திருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குத் தானமாகத் தரப்பட்ட சதுர்வேதிமங்கலத்தின் சபை.

இதில் "சொந்த மனையில் வீடு" என்ற நிபந்தனையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் பொதுக் காரியத்தில் பேசுவதற்கான தகுதி, உன் வீடு யார் மண்ணில் நிற்கிறது என்பதைப் பொறுத்திருந்தது. கிட்டத்தட்ட ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த மாவட்டத்துச் சேரிகளுக்கு அதே கேள்விதான் முன்னால் நின்றது.

வீடு இருந்தது, மனை இல்லை

1891-இல் காஞ்சிபுரம் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. மாவட்ட ஆட்சியர் டிரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற பாதிரியார்களும் இதே செய்தியை அரசின் காதில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த அறிக்கையின் மையமான செய்தி இதுதான். விளைநிலத்துக்கு மட்டுமல்ல, சேரியில் மக்கள் குடியிருக்கும் மனைக்கும் மிராசுதாரர்கள் உரிமை கொண்டாடினார்கள். புறம்போக்கு நிலத்துக்கு மனுப் போட்டாலோ, கூலி கூடக் கேட்டாலோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலோ, "வீட்டைக் காலி பண்ணு" என்ற ஒரு சொல் போதும். பாட்டன் கட்டிய குடிசையாக இருந்தாலும் மண் ஆண்டையுடையது. இப்படிப்பட்ட சுவரில் எதை மாட்டுவது? எந்த நிமிடமும் இடித்துத் தள்ளக்கூடிய சுவரில் மாடம் வைப்பதே பெரிய துணிச்சல்.

1892 செப்டம்பர் 30 அன்று வெளியான 1010, 1010-ஏ அரசாணைகளிலிருந்து பஞ்சமி நிலத்தின் கதை தொடங்குகிறது. மனை உரிமையோ இன்னும் பல பத்தாண்டுகள் காத்திருந்தது. 1920-களில் தொழிலாளர் நலத்துறை வழியாக மனைகள் கையகப்படுத்தித் தரப்பட்டன. விவசாயத் தொழிலாளர் தாம் குடியிருக்கும் மனைக்கே உரிமையாளர் ஆகும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது 1971-இல். டிரமென்ஹீர் அறிக்கைக்கும் அதற்கும் இடையே 80 ஆண்டுகள்.

மண்ணுக்கும் உருவத்துக்கும் உள்ள உறவை இதே வட்டாரம் இன்னொரு முறையும் காட்டியது. 1994 அக்டோபரில் மாமல்லபுரம் அருகே காரணை கிராமத்தில் பறிபோன பஞ்சமி நிலத்தில் மக்கள் அம்பேத்கர் சிலையை நட்டார்கள். சிலை அகற்றப்பட்டது. அதை எதிர்த்து அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். இந்த மண் எங்களுடையது என்று சொல்ல அந்த மக்களுக்குப் பட்டாவை விடத் தெளிவான மொழியாக அந்த உருவம் இருந்தது.

படம் வீட்டுக்குள் வந்த கதை

சட்டம் போட்ட படம் ஏழை வீட்டுக்கு வந்ததே அச்சு இயந்திரத்தால்தான். 1894-இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் வண்ண அச்சகம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் காகிதத்தில் இறங்கி வீதிக்கு வந்தார்கள். பிறகு கோவில்பட்டியில் கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த தெய்வங்கள் சிவகாசியில் அச்சாகி, காலண்டராகத் தமிழ்நாட்டின் எல்லாச் சுவர்களுக்கும் போயின.

கோயில் நகரமான காஞ்சியை வைத்து இதை யோசியுங்கள். கருவறையை விடுங்கள், கோபுர வாசலைத் தாண்டவே நம் மக்களுக்குத் தடை. சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947-இல். அதற்கு முன்பே அதே சாமி நாலணா காகிதமாகச் சேரி வீட்டுக்குள் வந்துவிட்டது. அச்சுக்குத் தீட்டுத் தெரியாது.

அந்தச் சுவரில் கடவுளின் பக்கத்திலும், பிறகு கடவுள் இருந்த இடத்திலும் நீலக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர் வந்தார். அரசுச் சுவர்கள் அவருக்கு மெதுவாகவே திறந்தன. தமிழ்நாடு சட்டமன்றத்தில் அவர் படம் 1980-இல் திறக்கப்பட்டது. நாடாளுமன்ற மைய மண்டபத்தில் 1990 ஏப்ரல் 12 அன்று, அவர் மறைந்து 33 ஆண்டுகள் கழித்து. சேரிக்காரர்களின் சுவர் டெல்லியின் சுவருக்கு முன்பே விழித்துக்கொண்டது.

ஒன்றை மறக்க வேண்டாம். அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்குத்தான் வழிவிடும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் எச்சரித்தவர் அவர். அவர் படத்தை உத்தரத்துக்கு அருகில், சாமி படம் போல அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் மாட்டாதீர்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 5 அடி உயரத்தில் இருக்கட்டும். நின்று நேருக்கு நேர் பார்க்கும் உயரம் அது. கீழே ஒரு புத்தகப் பலகை இருந்தால் இன்னும் நல்லது.

சுவருக்கு ஏற்ற ஆணி

நம் வீடுகளின் வரலாறு நம் சுவர்களில் இருக்கிறது. குடிசையின் மண் சுவர், தொகுப்பு வீட்டின் செங்கல் சுவர், இப்போதைய ஹாலோ பிளாக் சுவர். ஒவ்வொன்றும் ஆணியை ஒவ்வொரு விதமாகப் பிடிக்கும்.

முதலில் எடை. 2 அடிக்கு 3 அடி படத்தில் 3 மில்லிமீட்டர் கண்ணாடி மட்டுமே 4 கிலோவுக்கு மேல் வரும். மரச்சட்டமும் பின்பலகையும் சேர்ந்தால் இன்னும் கூடும். ஏப்ரல் 14 அன்று போடும் ஈரப் பூமாலையின் எடையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். கண்ணாடிக்குப் பதில் அக்ரிலிக் போட்டால் அந்த எடை பாதிக்கும் கீழே குறையும், விழுந்தாலும் சிதறாது.

மண் சுவரில் ஆணி நிற்காது, காய்ந்த மண் உதிர்ந்துவிடும். கூரையைத் தாங்கும் விட்டத்திலிருந்து கம்பி கட்டித் தொங்கவிடுங்கள். படத்தின் பின்னால் கீழ்முனைகளில் சிறு கட்டைகள் ஒட்டினால் காற்றுப் புகும், ஈரமும் கரையானும் எளிதில் ஏறாது.

செங்கல் சுவரில் மேலே இருப்பது பூச்சு, அது எடை தாங்காது. விரலால் தட்டுங்கள். பொள்ளலாக ஒலித்தால் பூச்சு செங்கலை விட்டுவிட்டது, வேறு இடம் பாருங்கள். 6 மில்லிமீட்டர் துளை, அதே அளவு ராவல் பிளக், பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் குறைந்தது ஓர் அங்குலம் போகும் திருகாணி. துளையிலுள்ள தூசியை ஊதிவிட்டுப் பிளக்கைச் செருகுங்கள். சுண்ணாம்புப் பூச்சுள்ள பழைய வீடுகளில் சுத்தியலால் அடித்தால் பூச்சு பாளமாக வரும், மெதுவாகத் துளையிடுங்கள். கான்கிரீட் தூணிலும் லிண்டலிலும் சாதாரண ஆணி வளையும், ஹாமர் டிரில் தேவை.

ஹாலோ பிளாக்கின் உள்ளே வெற்றிடம். வெளித்தோல் ஓர் அங்குலம் சுமாருக்குத்தான் இருக்கும். சாதாரணப் பிளக் உள்ளே விழுந்துவிடும். உள்ளே போய் விரிந்து பிடிக்கும் வகைப் பிளக்கைக் கேட்டு வாங்குங்கள். அலுவலகங்களில் உள்ள ஜிப்சம் தடுப்புக்கும் அதுவே பொருந்தும், அல்லது காந்தம் வைத்து உள்ளிருக்கும் இரும்புச் சட்டத்தைக் கண்டுபிடித்து அதில் திருகுங்கள்.

எந்தச் சுவரானாலும் இரண்டு கொக்கிகள் போடுங்கள். ஒன்று விட்டாலும் மற்றது தாங்கும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே துளையிடாதீர்கள், அங்கேதான் மின்கம்பி ஏறும். பட்டுத்தறி உள்ள வீட்டில் தறிக்கு மேலே மாட்டாதீர்கள். கண்ணாடி ஒன்று விழுந்தால் பாவு முழுக்க நாசம், அந்த நட்டம் நெசவாளியின் கூலியில்தான் விழும்.

இன்னொரு சுவரும் உண்டு. படிக்கவும் வேலைக்கும் வந்த நம் பிள்ளைகள் வாடகைக்கு எடுத்த வீட்டின் சுவர். "ஆணி அடிக்கக் கூடாது" என்று வீட்டுக்காரர் சொன்னால், கண்ணாடி இல்லாத அட்டைப் படத்தை ஒட்டும் கொக்கியில் மாட்டலாம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தால் "நீங்க என்ன ஆளுங்க" என்ற கேள்வி வரும் என்று பயந்து, அதைப் பெட்டிக்குள் துணிக்கடியில் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? அந்தச் சுவருக்கு எந்தக் கடையிலும் பிளக் இல்லை. அதை நாம்தான் செய்ய வேண்டும்.

"தானாக விழுந்தது"

பொது இடத்துப் படம் காணாமல் போகும்போது சொல்லப்படும் முதல் பதில், "தானாக விழுந்தது". இரண்டாவது பதில், "வெள்ளையடிக்க எடுத்தோம்". இந்த இரண்டுக்கும் இடம் கொடுக்காமல் மாட்டுவதும் நம் அரசியல் வேலைதான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்யப்பட்டு 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தைப் படியுங்கள். பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் புனிதமாகவோ உயர் மதிப்புடனோ கருதும் பொருளை, அந்தச் சமூகங்களைச் சேராத ஒருவர் அழிப்பதும் சேதப்படுத்துவதும் அவமதிப்பதும் பிரிவு 3(1)-இன் கீழ்க் குற்றம். பொருள் என்றால் சிலை, புகைப்படம், உருவப்படம் எல்லாமும் அடங்கும் என்று சட்டமே விளக்குகிறது. தண்டனை 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை, அபராதமும் உண்டு.

ஆனால் வழக்குக்குச் சான்று வேண்டும். அதனால் படிப்பகத்திலோ, கல்லூரியிலோ, சங்க அலுவலகத்திலோ படம் மாட்டும்போது அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். திறப்பு நாளன்று படத்தையும், கொக்கிகள் இருக்கும் பின்பக்கத்தையும் தேதியோடு புகைப்படம் எடுத்து வையுங்கள். யார் முன்னிலையில் மாட்டப்பட்டது என்று பதிவேட்டில் கையெழுத்து வாங்குங்கள். இரண்டு கொக்கியும் திருகாணியும் உறுதியாக இருந்த படம் தானாக விழாது என்று அப்போது எவரிடமும் சொல்லலாம்.

உத்திரமேரூர்க் காரர்கள் தங்கள் விதிகளைக் கல்லில் வெட்டி வைத்ததால்தான் 1100 ஆண்டுகள் கழித்தும் அவை பேசுகின்றன. நம்மிடம் கல் இல்லை, காகிதம் இருக்கிறது. ஏப்ரல் 14-க்கு முன் உங்கள் ஊர்ப் படிப்பகத்துப் படத்தை ஒரு முறை கழற்றி, கொக்கியைப் பாருங்கள், கயிறு இற்றிருந்தால் மாற்றுங்கள். கூடவே அந்தக் கட்டடம் நிற்கும் மனையின் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

ஜெய்பீம்.