டூ ஸ்ட்ரோக் லாரிகள் ஏன் நின்றன?

டூ ஸ்ட்ரோக்னு சொன்னதும் நம்ம ஆட்களுக்கு ஆர்எக்ஸ் 100 ஞாபகம் வரும், இல்லேன்னா டிவிஎஸ் 50. "பொல்யூஷன்னு சொல்லி நிறுத்திட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பைக்கைப் பொறுத்தவரை அது சரிதான். ஆனால் கனரக லாரிகளிலும் அரை நூற்றாண்டுக்கு மேல் டூ ஸ்ட்ரோக் ஓடியது. அது நின்ற கதை வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், இந்த எஞ்சினுக்கு இனி எதிர்காலம் உண்டா என்ற கேள்விக்குத் தப்பான பதில்தான் கிடைக்கும்.

முதலில் பைக். பிஸ்டன் கீழே இறங்கும்போது புகை வெளியேறும் வழியும் புதுக் கலவை உள்ளே வரும் வழியும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். வருவது வெறும் காற்று இல்லை, பெட்ரோல் கலந்த காற்று. அதில் ஒரு பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். போதாததற்கு கிராங்க்கேஸே பம்ப் வேலையும் பார்ப்பதால் அங்கே ஆயில் தேக்கி வைக்க முடியாது. ஆயிலையும் பெட்ரோலோடு சேர்த்து எரித்தாக வேண்டும். நீலப் புகை அதுதான்.

லாரி டூ ஸ்ட்ரோக்கில் இந்த இரண்டும் கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1938-ல் கொண்டுவந்த 71 வரிசை டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள் (பிறகு டெட்ராய்ட் டீசல் என்று பெயர் எடுத்தது). 71 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, கன அங்குலத்தில். பக்கவாட்டில் ஒரு புளோயர் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். அந்தக் காற்று சிலிண்டரின் அடியில் நுழைந்து, பழைய புகையை மேலே இருக்கும் வால்வு வழியாக விரட்டும். வால்வு மூடிய பிறகுதான் டீசல் தெளிக்கப்படும், அதனால் எரிபொருள் தப்பிப் போக வழியில்லை. ஆயிலும் ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரியே கீழே தனியாக இருக்கும். இரண்டாம் உலகப் போரில் ஷெர்மன் டாங்கியின் ஒரு வகை, இந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் இரண்டைச் சேர்த்து ஓடியது. போருக்குப் பிறகு அமெரிக்க லாரி, பஸ் எல்லாவற்றிலும் இதன் அலறல்தான்.

பிறகு ஏன் போனது? புளோயரைச் சுற்றவே எஞ்சினின் சக்தியில் ஒரு பகுதி செலவாகும். 1973-ல் எண்ணெய் விலை ஏறியதும் அது உறுத்த ஆரம்பித்தது. அடுத்தது துகள் மாசு. பிஸ்டன் வளையங்கள் காற்றுத் துளைகளைத் தாண்டி ஓடும்போது கொஞ்சம் ஆயில் கசிந்து எரியும். லாரி எஞ்சினுக்கு அமெரிக்கா விதித்த துகள் வரம்பு, ஒரு குதிரைத்திறன்-மணிக்கு 1988-ல் 0.60 கிராம், 1991-ல் 0.25, 1994-ல் 0.10. அதே கம்பெனி 1987-லேயே கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டோடு சீரீஸ் 60 என்ற ஃபோர் ஸ்ட்ரோக்கை இறக்கிவிட்டது. சொந்தத் தம்பியே அண்ணன் இடத்தைப் பிடித்த கதை.

இங்கிலாந்தின் கொமர் டிஎஸ்3 (1954) இன்னும் விசித்திரம். மூன்று சிலிண்டர், ஆறு பிஸ்டன், சிலிண்டர் ஹெட்டே கிடையாது. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிரே வந்து மோதுவது போல நெருங்கும். 3.26 லிட்டரில் 105 குதிரைத்திறன். நாலு சிலிண்டரில் அடுத்த எஞ்சின் சோதனை வரை வந்திருந்தது. 1967-ல் ரூட்ஸ் நிறுவனத்தை கிரைஸ்லர் எடுத்துக்கொண்டது, திட்டம் குப்பைக்குப் போனது. இங்கே தொழில்நுட்பம் தோற்கவில்லை, முதலாளி மாறினார், அவ்வளவுதான். (இதே எதிரெதிர் பிஸ்டன் ஜாதி எஞ்சின் நம்ம ஆவடியிலும் இருந்தது. அங்கே செய்த விஜயந்தா டாங்கியில் இருந்தது லேலண்ட் எல்60.)

அதனால்தான் அமெரிக்காவின் அகேட்ஸ் பவர் செய்த லாரி எஞ்சினைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 10.6 லிட்டர், அதே மூன்று சிலிண்டர், ஆறு பிஸ்டன்! ஹெட் இல்லாததால் வெப்ப இழப்பு குறைவு என்பதுதான் கணக்கு. கலிபோர்னியாவில் சரக்கு லாரியில் பூட்டி ஓட்டியும் பார்த்தார்கள்.

என் கணிப்பில், சாலை பைக்கில் டூ ஸ்ட்ரோக் திரும்பாது. கேடிஎம் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் போட்டு விற்றது காட்டுப் பாதை பைக்கில்தான். சின்ன வண்டி இடத்தை பேட்டரி பிடித்துக்கொண்டிருக்கிறது. நெடுந்தூர லாரிக்கு பேட்டரியின் எடை இன்னும் பெரிய தலைவலி, அதனால் அங்கே கதவு பாதி திறந்திருக்கிறது. துளைகளில் கசியும் அந்த ஆயிலை யார் அடக்குகிறார்கள் என்பதுதான் பாக்கி.