எங்கும் விற்காத ஒரு தகடு

இங்கிலாந்தில் 1959இல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஹெரால்டுக்கு இரண்டு கதவுகள்தான். இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்த அந்தக் காரை 1961 முதல் மதராஸில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. சீட்டை மடக்கிவிட்டுப் பின்னால் ஏறுவது குடும்பக்காரர்களுக்குப் பெரும்பாடு. 1968இல் ஹெரால்டின் மார்க் 3 மாடல் நான்கு கதவுகளோடு வந்தது. அந்த வடிவம் இந்தியாவில் மட்டுமே உருவானது. இரண்டு கதவு ஹெரால்டுக்குத் தேவையான தகடுகளை இங்கிலாந்தில் இன்றைக்கும் செய்து விற்கிறார்கள். நம் ஹெரால்டின் பின்கதவுக்கு மட்டும் அங்கே எதுவும் கிடைக்காது. அதைப் பட்டறையில் கையால் செய்துதான் ஆகவேண்டும்.

அந்தக் கதவு அரிக்கத் தொடங்குவது அடிவிளிம்பில். கண்ணாடியை ஒட்டிய ரப்பர் காய்ந்து சுருங்கியதும் மழைநீர் கதவுக்குள் இறங்குகிறது. அது வடிய வேண்டிய துளைகளைப் புழுதி அடைத்துக்கொள்கிறது. வெளித்தகடு உள்சட்டத்தைச் சுற்றி மடிந்திருக்கும் இடுக்கில் ஈரம் தங்கிவிட, துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. பெயின்ட் கொப்பளித்து நம் கண்ணில் படும்போது அங்கே இரும்பு பாதிதான் மிச்சமிருக்கும். பட்டி பூசி மூடினால் ஒரு மழைக்காலம் ஓடும். அடியில் துரு நிற்காமல் தின்றுகொண்டிருக்கும்.

இங்கேதான் அனுபவமுள்ள டிங்கர் வேலைக்காரர் நிதானிப்பார். எடுத்த எடுப்பில் வெட்டமாட்டார். அந்தக் கதவின் வளைவுக்கு அவர் கையில் இருக்கும் ஒரே வரைபடம் அந்த அரித்த தகடுதான். கதவின் மேல் நாலைந்து இடங்களில் செங்குத்தாகக் கோடு போட்டு, ஒவ்வொரு கோட்டிலும் அட்டையை நிறுத்தி, தகட்டோடு வெளிச்சம் தெரியாமல் பொருந்தும்வரை நறுக்கி எடுப்பார். விளிம்பு உதிர்ந்துபோன மூலைக்கு எதிர்ப்பக்கத்துக் கதவிலிருந்து அச்சு எடுத்து, இடம்வலம் மாற்றிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் அரித்த கீழ்ப்பாதியை வெட்டக் கிரைண்டரைத் தொடுவார்.

புதுத்தகடு பட்டறைக்குச் சமதளமான சி.ஆர். ஷீட்டாக வந்து சேர்கிறது. ஆலையில் குளிர்நிலையில் உருட்டி மெலிதாக்கி, பிறகு சூடேற்றி மிருதுவாக்கிய குறைந்த கார்பன் எஃகு அது. 20 கேஜ், ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் கனம். துருப்பிடிக்காது என்று நினைத்து ஜி.ஐ. ஷீட் கேட்பவர்கள் உண்டு. வெல்டிங் சூட்டில் அதன் துத்தநாகப் பூச்சு எரிந்து நச்சுப்புகை கிளம்பும். பற்றிலும் துளைகள் விழும். அதனால் சி.ஆர். ஷீட்டையே வாங்கி, பிரைமரால் காப்பது நல்லது.

ஒரு பக்கம் மட்டும் வளைந்த தகட்டைக் குழாய் மீது வைத்துக் கையாலேயே வளைத்துவிடலாம். கதவுத் தகடோ மேலிருந்து கீழாகவும் முன்னிருந்து பின்னாகவும் மெல்லப் புடைத்திருக்கும். வளைத்து அந்தப் புடைப்பைக் கொண்டுவர முடியாது. நடுப்பகுதி இரும்பு விரிய வேண்டும். மணல் மூட்டையின் மேல் வைத்து மரச்சுத்தியால் தட்டுகிறார்கள். பிறகு பின்னால் டாலி என்ற இரும்புத் தாங்குகட்டையைக் கொடுத்து, முன்னால் தட்டையான சுத்தியால் மேடுபள்ளத்தை நிரவுகிறார்கள். அடிபட்ட இடம் மெலிந்து பரவும், கூடவே இறுகவும் செய்யும். அதனால் பத்துத் தட்டுக்கு ஒருமுறை அட்டை வைத்துப் பார்க்கிறார்கள். அட்டைக்கும் எட்டாத மேட்டை உள்ளங்கை கண்டுபிடிக்கும். துணிக் கையுறை போட்டுத் தடவினால் இன்னும் துல்லியமாகத் தெரியும்.

வளைவு அமைந்ததும் விளிம்பு. ஓரத்தில் ஒரு விரற்கடைக்குக் குறைவாகக் கோடு போட்டு முதலில் செங்குத்தாக மடக்குகிறார்கள். சட்டத்தில் மாட்டி, இடுக்குக்குள் துத்தநாகப் பிரைமர் பூசி, முன்பக்கம் டாலி தாங்க, ஓரம் முழுதும் சிறிது சிறிதாக இரண்டு மூன்று சுற்றில் மடித்து முடிக்கிறார்கள். ஒரே இடத்தில் முழுக்க மடித்தால் தகடு அலையடித்துவிடும். மூலையில் மிஞ்சும் இரும்பைச் சின்ன வெட்டுப் போட்டுச் சமாளிக்கிறார்கள்.

புதுத்தகட்டைப் பழைய மேல்பாதியோடு இணைப்பதற்கு முன் கதவை வண்டியில் மாட்டி, சுற்றிலும் இடைவெளி சீராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவு முறுகியிருந்தால் திருத்த அதுதான் தருணம். பிறகு தள்ளித் தள்ளி வெல்டிங் புள்ளி வைத்து, ஒவ்வொன்றும் ஆறிய பின் அடுத்ததற்குப் போகிறார்கள். ஆறும் பற்று சுருங்கிப் பக்கத்துத் தகட்டை இழுக்கும். டாலியில் வைத்துத் தட்டி அதை விரித்துவிடாவிட்டால், எண்ணெய் டின் மூடியைப் போல அந்த இடம் டொக்கென்று உள்ளே போய் வெளியே வரும். இவ்வளவும் சரியாக நடந்தால் பட்டி மிக மெல்லிதாகப் போதும். கடைசியில் அடித்துளைகளைத் திறந்துவிட்டு, உள்ளே மெழுகு தெளிக்கிறார்கள்.

பெயின்ட் அடித்ததும் இந்த உழைப்பில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அட்டைகள் மட்டும் தூக்கிப்போடக் கூடாதவை. மாடல், வருடம், இடமா வலமா, எந்தக் கோடு என்று ஒவ்வொன்றிலும் எழுதி ஹார்டுபோர்டில் மாற்றி வைத்தால், அடுத்த ஹெரால்டின் கதவு முழுவதுமாக உதிர்ந்தே வந்தாலும் செய்து கொடுத்துவிடலாம். கடையில் வாங்க முடியாத தகட்டுக்கு இப்படித்தான் ஒரு வரைபடம் மிஞ்சும். பழைய கார்களைப் பேணுகிறவர்கள் காரோடு சேர்த்து அந்த அட்டைகளையும் பேண வேண்டும்.