ஐயமும் ஒரு விடை



நான் அரக்கோணத்தில் வாழ்பவன். தலைமையாசிரியனாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். விடைத்தாளைத் திருத்தும்போது நான் அறிந்தவை இரண்டே: ஒன்று சரி, மற்றொன்று தவறு. மூன்றாவதாகவும் ஒரு விடை உண்டு என்பதை என் தமக்கையாரின் நோய் எனக்குக் கற்பித்தது.

சில ஆண்டுகளுக்கு முன் அவருடைய மார்பில் சிறு கட்டி ஒன்று தோன்றியது. மருத்துவர்கள் ஊசியால் ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். இயல்புக்கு மாறான அணுக்கள் உள்ளன. புற்றுநோய் என்றோ, அன்று என்றோ உறுதி கூற இயலவில்லை என்று அறிக்கை வந்தது. உடனே வீட்டில் இரண்டு கட்சிகள் எழுந்தன. "புற்று என்று எழுதவில்லையே, பிறகென்ன கவலை?" என்றது ஒரு கட்சி. "நாளைக்கே மார்பை எடுத்துவிட வேண்டும்" என்றது மற்றொன்று. தமக்கையாரோ, "தம்பி, நீ படித்தவன். இதற்கு என்ன பொருள், சொல்" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று முதல் தேடிப் படித்தவற்றையே இன்று உங்களிடம் கூறுகிறேன்.

நம் நாட்டிலிருந்து தொடங்குவோம். புதுக்கோட்டையில் 1886-ஆம் ஆண்டில் பிறந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவருடைய தங்கைக்கு வந்த நோயை முதலில் சீதபேதி என்றே கருதினார்கள். உண்மையில் அது குடலின் கடைப்பகுதியில் தோன்றிய புற்று. அது தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது; 1923-இல் தங்கை மறைந்தார். அத்துயரத்தில் பிறந்த உறுதியே, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் நிலையமாக வளர்ந்தது. இங்கே உரிய காலத்தில் ஐயம் எழவில்லை, அதுவே இழப்பாயிற்று.

ஐயம் எழுந்தும் அதைப் பிறர் செவியில் வாங்காவிட்டால் என்னவாகும்? அதற்கு ஜெர்மானிய வரலாறு சான்று. பட்டத்து இளவரசர் பிரெடரிக்குக்கு 1887-இல் குரல் கம்மியது. புற்றுநோய் என்று அஞ்சிய ஜெர்மானிய மருத்துவர்கள் அறுவைக்கு நாள் குறித்தார்கள். ஆங்கில மருத்துவர் மொரெல் மெக்கன்சி, முதலில் சோதனை வேண்டுமென்று கூறித் தொண்டையிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்தார். நோய்களின் இருப்பிடம் உயிரணுவே என்று உலகுக்குக் காட்டிய பேராசிரியர் ருடால்ப் விர்ஹோ அவற்றை ஆராய்ந்தார். துணுக்குகளில் புற்று காணப்படவில்லை. ஆயினும், இச்சிறு துண்டுகளைக் கொண்டு நோய் முழுவதையும் பற்றித் தீர்ப்புக் கூற இயலாது என்றும் அவர் தெரிவித்தார். முதற்பகுதி நம்பிக்கை தந்தது; பின்பகுதியை எவரும் பொருட்படுத்தவில்லை. பெரிய அறுவை நின்றது. 1888 மார்ச்சில் பேரரசரான பிரெடரிக் 99 நாட்களே அரியணையில் இருந்து, ஜூன் 15-இல் அந்நோயாலேயே இறந்தார். துணுக்கில் இல்லை என்பது வேறு. தொண்டையிலேயே இல்லை என்பது வேறு.

நிற்க. மார்பு நோய்க்கு வருவோம். அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 1882 முதல் மார்பையும் அதன் அடித்தசையையும் சேர்த்தே அகற்றும் முறையைக் கையாண்டார். பின்னர், மயக்கத்தில் இருக்கும்போதே துணுக்கெடுத்து, அதை உறையச் செய்து, சில நிமிடங்களில் பார்த்து, புற்றெனில் அப்போதே மார்பை எடுத்துவிடும் வழக்கமும் பரவியது. படுத்த பெண்மணிக்குத் தாம் எந்த நிலையில் கண் விழிப்போம் என்பதே தெரியாது! 1979-இல் அமெரிக்காவின் தேசிய உடல்நல நிறுவனங்கள் கூட்டிய அறிஞர் மாநாடு, சோதனை முதலில், சிகிச்சை பின்னர் என இரண்டையும் பிரிக்கும்படி பரிந்துரைத்தது. ஆராய்வதற்கும் கலந்து பேசுவதற்கும் அவகாசம் பிறந்தது.

இன்று ஊசிச் சோதனையின் முடிவை ஐந்து படிகளாக வகுக்கிறார்கள். முதற்படியில் நோய்க்குறி இல்லை, அல்லது துணுக்குப் போதவில்லை, இரண்டாவது தீங்கற்றது, நான்காவது புற்றென வலுவாக ஐயுறத்தக்கது, ஐந்தாவது புற்று. நடுவே நிற்கும் மூன்றாம் படியே நிச்சயமற்றது. சில மாறுதல்களில், அவை எத்தனை மில்லிமீட்டர் பரவியுள்ளன என்பதைக் கொண்டே புற்றா, அன்றா என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. ஊசியில் வந்த இழை போன்ற துணுக்கு அதை எவ்வாறு முழுமையாகக் காட்டும்? அது சோதித்தவரின் அறியாமை அன்று, துணுக்கின் எல்லை.

எங்கள் ஊர் பெரிய இரயில் சந்திப்பு. மஞ்சள் விளக்கைக் கண்ட ஓட்டுநர் வண்டியை அங்கேயே நிறுத்துவதில்லை. முழு வேகத்திலும் செல்வதில்லை. அடுத்த விளக்கில் நிற்கவும் ஆயத்தமாக மெல்லச் செலுத்துகிறார். நாம் செய்யத்தக்கதும் அதுவே. கையால் தொட்டறிந்தது, படத்தில் தெரிந்தது, துணுக்கில் கண்டது ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். அதே கண்ணாடி வில்லைகளை அனுபவமுள்ள மற்றொரு நிபுணரிடமும் காட்டலாம். தேவையெனில் அவ்விடத்திலிருந்து பெரிய துண்டை எடுத்துச் சோதிப்பார்கள். மூன்றாம் படியினருள் பெரும்பாலோர்க்குப் புற்று இல்லை என்றே முடியும்; சிலர்க்கு இருப்பது தெரியவரும். அச்சிலரை முன்னிட்டே, குறித்த நாளைத் தவறவிடலாகாது.

என் தமக்கையார்க்குக் கட்டி முழுவதையும் எடுத்துச் சோதித்தார்கள். புற்று இல்லை. ஆயினும் அத்தகைய மாறுதல் உடையவர்க்குப் பிற்காலத்தில் நோய் வரும் வாய்ப்பு மற்றவரினும் சற்று மிகுதி. ஆதலால் ஆண்டுதோறும் அவர் சென்னைக்கு இரயில் ஏறுகிறார். துணைக்கு நான் செல்கிறேன்.

மாணவர்களே, ஐயத்தை மறைக்காமல் எழுதிய அந்த அறிக்கையாளரை நான் முன்பின் கண்டதில்லை. என் வகுப்பில் ஒரு மாணவன், "ஐயா, இதை உறுதியாகச் சொல்ல இன்னும் பார்க்க வேண்டும்" என்று விடை எழுதியிருந்தால், நான் சுழியம் இட்டிருப்பேன். இன்றாயின், "சரி, அடுத்து என்ன பார்க்க வேண்டும், சொல்" என்று கேட்பேன்.